அண்ணன் ஊதிய ஒத்து

எனக்கு முன்னாடியே மூச்சு கொடுத்த என் அண்ணனுக்கு,

உன் பொண்ணு வள்ளிக்குக் கல்யாணம் கூடி வந்துடுச்சு. வல்லத்து மாப்பிள்ளை. வைகாசியில் செஞ்சியிலேயே வெச்சிருக்கோம். "சித்தப்பா வாசிக்கலன்னா மணையிலயே உக்கார மாட்டேன்"னு ஒரே பிடிவாதம். உன் பொண்ணாச்சே!

நான் இன்னா பண்ணுவேன், சொல்லு. நான் நாயனம், நீ பக்கத்தில் ஒரே சுரத்தை விடாம ஊதுற ஒத்து. உன் ஒத்து கிளம்பாம என் நாயனம் கிளம்பினதே இல்ல. நீ கண்ணை மூடினதிலிருந்து நாயனத்துச் சீவாளியை உதட்டில் வெச்சா, உன்னைத் தேடிப் பக்கத்துல திரும்பிப் பாக்குறேன். கரண்ட்டில் ஓடுற சுருதிப் பெட்டி ஒண்ணு வாங்கினேன். நான் தடுமாறினா நீ முழங்கையால் இடிப்பியே, அதுக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரு கல்யாணத்துல வாசிக்கும்போது பாதியில் கரண்ட் போச்சு. அந்தச் சனியனும் வாய மூடிக்கிச்சு. அம்போன்னு நின்னேன்.

சம்பந்தி தமிழ் வாத்தியார். "அண்ணன் என்ன வாசிச்சாரு?"ன்னு கேட்டார். "ஒத்து"ன்னேன். "ஒத்தல்னா பொருந்துறது. அதுல வந்த பேருதான். ஒத்துக்கிறது, ஒத்துப்போறது எல்லாம் ஒரே வீட்டுப் புள்ளைங்க"ன்னார். காபியோட வந்த அண்ணி அப்படியே திரும்பிட்டாங்க.

ஆமாஞ்சாமி போடுறவனை ஊரில் "ஒத்து ஊதுறான்"னு திட்டுவாங்களே. அவலூர்பேட்டையில் ஒருத்தன் அதையே உன் காதுபடச் சொன்னப்ப நான் எகிறினேன். நீ சிரிச்சே. "விடுறா. நான் ஒரே எடத்துல நிக்கிறதாலதான் நீ எங்க சுத்தினாலும் வீடு வந்து சேர்ற."

போன வாரம் உன் ஒத்தை எடுத்து ஊதிப் பார்த்தேன். விரலுக்கு வேலையில்லை, ஒரே சுரம், இதுல இன்னா கஷ்டம்னு நெனச்சேன். வாயால விட்டுக்கிட்டே மூக்கால இழுக்கணும், நடுவுல அறுபடக் கூடாது. கொஞ்ச நேரத்துலயே கன்னம் உதறிப்போச்சு. இதையா அண்ணா சாமி ஊர்வலம் முழுக்க நடந்துக்கிட்டே ஊதினே?

வள்ளிகிட்டச் சொல்லிட்டேன். நாயனம் பனமலைக்காரர் வாசிக்கட்டும், நான் ஒத்து. அவ உன் ஒத்தை வாங்கித் தாவணியால துடைச்சுக் குடுத்தா.

இன்னும் ஒத்து சரியா வரல அண்ணா. தினமும் ராஜகிரி மலை அடிவாரத்துல போய் ஊதுறேன், அறுந்து அறுந்துதான் வருது. பயமா இருக்குது. ஆனா சத்தியமா சொல்றேன், உன் பொண்ணு கழுத்துல மூணாவது முடிச்சு விழற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்.

உன் இடத்தில் நிக்கப் போற,
உன் தம்பி