தாறவன் நேற்று வாங்கினவன்

விடியவே நெல் அவிக்கும் மணம் ஆலை முழுக்க நிரம்பிவிட்டது. கொப்பரை மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. உடனே உன் நினைவுதான் வந்தது. இந்த மணத்துக்குள் நின்றுகொண்டுதானே எங்கள் எல்லோரையும் ஏசுவாய். நீ எங்களை விட்டுப் போய் இது இரண்டாவது காலபோக அறுவடை. போன கிழமை சங்கத்தில் நடந்ததை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் எங்கள் மாதர் சங்கத்துக்கு இந்த அரிசி ஆலையைத் தந்த நாடு எதென்று உனக்குத் தெரியும். பெரிய பணக்கார நாடு இல்லை. நேற்றுவரை எங்களைப்போலக் கை நீட்டி நின்று, இப்போது எழும்பி வருகிற நாடு. போர் முடிந்த அந்த நாட்களில் எங்கள் பக்கம் வீடுகள் ஒரு நாடு தந்தது, தார் போட்ட காப்பெட் ரோட்டு இன்னொரு நாடு தந்தது. எது வந்தாலும் மாலை போட்டு, வடை சுட்டு, "ஓம், நல்லம்" என்று சொல்லப் பழகிவிட்டோம். வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்த சனம் அல்லவா!

ஆலையைப் பார்க்க அந்த நாட்டு அதிகாரி வந்த அன்று சங்கத் தலைவி நீ. ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு மொழிபெயர்க்க நின்றவள் நான். "இயந்திரம் எப்படி?" என்று அவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ மட்டும் எழும்பினாய்.

"நல்லமில்லை ஐயா. எங்கட அரிசியின்ரை சிவப்பை எல்லாம் உரிச்சு எறியுது. இந்த வெள்ளைச் சோத்தைப் போட்டால், பத்தியச் சோறோ, வீட்டில ஆருக்குக் காய்ச்சல் எண்டு மனுசன் கேக்கிறார். சந்தையிலையும் ஒருத்தரும் வாங்கேல்லை."

நீ சொன்னதில் ஒன்றையும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பின்னால் இருந்த கிராமச் சங்கத் தலைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறதோ பிள்ளை?" என்றார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பல்லில்லாத மாடு வைக்கல் தின்னுமோ அண்ணை? திண்டால்தானே உழும்?"

என்ன கதை என்று அதிகாரி கேட்டார். அதையும் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய ஊருக்கும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் தண்ணீர்ப் பம்பி கொண்டுவந்தார்களாம். ஊரே நல்லம் என்றதாம். கடைசியில் அதன் பெட்டிக்குள் கோழிதான் அடைகிடந்ததாம். சிரித்து முடித்து, சிவப்பு நிற்க என்ன செய்யவேண்டும் என்று உன்னிடமே கேட்டார். உமி நீங்கியதும் தீட்டாமல் வெளியே எடுக்க ஒரு வழி வேண்டும் என்றாய். ஆனால் ஆட்கள் வந்து அதைச் செய்து தரும்வரை சங்கத்துப் பெண்கள் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தந்ததைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு.

எனக்கும் கோபம்தான். "உனக்கேன் இந்த வேலை?" என்று கேட்டேன். "நல்லம் எண்டு சொன்னால் அடுத்த ஊருக்கும் இதையேதான் குடுப்பினம். தாறவன் நேற்று வாங்கினவன். அதை அவன் மறக்கிறதுக்கு முதல் சொல்லிப்போட வேணும்" என்றாய்.

மறந்துவிட்டார்களடி. போன கிழமை வந்தவர் புதிய அதிகாரி, சட்டை மடிப்புக் குலையாத ஆள். ஆபிரிக்காவிலிருந்து சில பெண்களையும் கூட்டிவந்தார். அவர்களுக்கும் இதே ஆலையைக் கொடுக்கப் போகிறார்களாம், பழைய மாதிரியிலேயே. உள்ளே போகமுன் என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்லதை மட்டும் சொல்லுங்கள். நெல் காயவைக்கும் இயந்திரத்துக்கு நீங்கள் கேட்டது இன்னும் முடிவாகவில்லை" என்றார். இனிமையாகத்தான் சொன்னார். அறுவடை நேரத்து மழை எங்களை என்ன பாடு படுத்துகிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ரோட்டில் பரப்பிய நெல் நனைந்து முளைத்துப் போகிறது. அந்த இயந்திரம் வந்தால் இத்தனை குடும்பம் மூச்சுவிடும்.

இப்போது தலைவி நான். எழும்பினேன். வந்த பெண்களைப் பார்த்து, ஆங்கிலத்தில், "உங்கள் ஊரில் என்ன சோறு சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். எங்களிடம் அன்று ஒருவரும் கேட்காத கேள்வி. உயரமான ஒருத்தி, தாங்களும் நெல்லை அவித்துத்தான் குத்துவோம் என்றாள். அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தீட்டாத அரிசி வெளியே வரப் பின்னர் வெட்டி வைத்த வழியைக் காட்டினேன். ஆலை முதலில் வந்தபோது இது இல்லை என்றும், இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டையும் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள், சிவப்பரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றாள். பிறகு நேரே அதிகாரியிடம் போய், "எங்களுக்கும் இப்படித்தான் வேண்டும்" என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல! இவ்வளவு காலமும் உன் பேச்சை மொழிபெயர்த்தவள் நான். அன்று சொன்னது என் பேச்சு.

நெல் காயவைக்கும் இயந்திரத்தைப் பற்றி இன்னும் ஒரு பதிலும் இல்லை. நேற்று மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் ஓடிப்போய் ரோட்டில் கிடந்த நெல்லை அள்ளினோம். பாதி நனைந்துவிட்டது. "உன்ரை வாயாலதான் வந்த வினை" என்று சங்கத்துப் பெண்கள் சாக்கைப் பிடித்தபடியே ஏசினார்கள். "ஓம், என்ரை வாயாலதான்" என்றேன். அழுகை வந்தது, நனைந்த நெல்லுக்காக; சொன்னதற்காக இல்லை.

நாளைக்குக் கிளிநொச்சிக் கச்சேரிக்குப் போகிறேன். அந்த அதிகாரி அங்கே அரசாங்க அதிபரோடு கூட்டத்துக்கு வருகிறாராம். நனைந்த நெல்லில் ஒரு பை கொண்டுபோய் மேசையில் வைத்துக் கேட்கப் போகிறேன். கெஞ்ச மாட்டேன். இதைச் சொன்னதும், நேற்று என்னைக் கிழி கிழி என்று கிழித்தவர்களில் இரண்டு பேர் சேலையை உதறிச் செருகிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"தனிய நிண்டு என்னத்தை வெட்டி விழுத்தப் போறாய்? முதல் பஸ்ஸுக்கு நாங்களும் வாறம்."