மூலம்தான் என்று சொன்னவனுக்கு

நீ உட்கார்ந்த காற்று வளையம் என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. நீ போய் நாலு மாதம் கழித்து உன் மனைவி கொண்டுவந்து நீட்டினாள். “அவரு போயிட்டாரு, இது மட்டும் கும்முன்னு உக்காந்துக்கினு இருக்குது. பார்த்தாலே எரியுது. நீங்க வாங்கிக் குடுத்ததுதானே, நீங்களே வெச்சிக்கோங்கண்ணா.” அவள் சொன்னது பாராட்டு இல்லை என்பது எனக்கும் தெரியும். முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாசனை, அதற்கடியில் நீ கடைக்குப் பூசிக்கொண்டு போகும் ஜவ்வாது. நடுவில் ஓட்டை வைத்த அந்தச் சனியனைப் பார்த்ததும் உன்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது. உயிரோடு இருந்தவரை என்னைத் திட்டி முடிக்க விட்டதில்லை நீ. இப்போது கேள்.

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை மெத்தையில் இருபது வருஷம் சம்மணம் போட்டுப் புடவை விரித்தவன் நீ. வெளிக்குப் போனால் ரத்தம் வருகிறது என்று நீ சொன்னதும், “உக்காந்துக்கினே சம்பாதிச்சா மூலம் வராம முடிசூட்டுவாங்களா?” என்று கடையே சிரிக்கக் கேட்டு, இந்த வளையத்தைப் பரிசளித்தவன் நான். நீயும் வாயாலேயே ஊதி, அதன்மேல் ராஜா மாதிரி அமர்ந்து, “மூலம்தான்பா, எங்க வேலைக்கு இது போனஸ்” என்றாய்.

ஒரு வருஷம்! நான் கருணைக்கிழங்கு வாங்கி வந்தேன். துத்திக்கீரை பறித்து வந்தேன். ஜோக்கு மட்டும் ஒருநாளும் தவறவில்லை. சட்டை உன் உடம்பில் தொளதொளவென்று தொங்கியபோதுகூட, “இன்னாபா, டயட்டா?” என்றுதான் கேட்டேன். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்று.

அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. தொட்ட மாத்திரத்தில் பட்டின் தரம் சொல்கிற நீ, புடவையைத் தடவி, கண்ணை மூடிச் சொக்குவதுபோல் நடித்து விற்றாய். என் காதில் மட்டும், “ஒண்ணும் தெரியலைபா. கோணியைக் குடுத்தாலும் பட்டுன்னுதான் சொல்வேன்” என்றாய். ஸ்கேன் சுத்தம் என்று வந்த அன்று தெருவெல்லாம் மைசூர்பாகு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்ன டாக்டரம்மாவுக்கு, “முகூர்த்த சீசன் முடியட்டும்மா” என்று டிமிக்கி. “சுத்தம்னு எழுதியே குடுத்துட்டாங்க, இன்னும் இன்னாத்துக்கு?” என்று பக்கத்தில் தாளம் போட்டவன் யார்? நான்தான்.

திரும்பி வந்தது, கல்லீரலில். அதே மருந்தை மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை அது மசியவில்லை. டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: “கட்டியில எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்லைங்க. வேகமாப் பெருகுறதை மருந்து அடிச்சிடும். சிலது மட்டும் பெருகாம, தூங்குற மாதிரி கிடக்கும். உள்ளே வர்ற மருந்தையும் வெளியே தள்ளிடும். ஸ்கேன்ல தெரியாத அளவுக்குக் கொஞ்சமாத்தான் மிஞ்சும். அப்புறம் அதுலேருந்தே கட்டி முழுசா வளர்ந்துடும். மூல செல்லுன்னு சொல்றாங்க. அதை மட்டும் குறிவைக்கிற மருந்தைத் தேடிட்டிருக்காங்க, இன்னும் நம்ம கைக்கு வரலை.”

நான் தரையைப் பார்த்தேன். நீ சிரித்தாய். “அப்ப நான் பொய் சொல்லலைபா. மூலம்தானே!”

அதோடு விட்டாயா? “நீங்க இத்தினி நாளா தெருவுல வர்ற உற்சவரையே அடிச்சிக்கினு இருந்திருக்கீங்கம்மா. மூலவரு உள்ளாற அசையாம உக்காந்துக்கினு இருக்காரு.” டாக்டரம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்காக உன்னை மன்னிக்கவே மாட்டேன். ஊரைச் சிரிக்கவைப்பவன் என்று எனக்குத்தான் பெயர். எல்லாவற்றிலும் நல்ல ஜோக்கை நீ அடித்துவிட்டுப் போனாய், நான் யாரிடமும் திருப்பிச் சொல்ல முடியாதபடி. அசையாமல் கிடந்து உன்னைத் தின்ற அந்த நாலு செல்லின் மேல் எனக்கு வெறுப்பு. அசைந்துகொண்டே இருந்த என் வாயின் மேல் அதைவிட வெறுப்பு.

போன மாதம் நானும் ரத்தம் பார்த்தேன். “சூடா இருக்கும், மூலமா இருக்கும்” என்றார்கள் வீட்டில். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், மறுநாள் குழாய்ச் சோதனைக்குப் படுத்தேன். சின்னதாக ஒரு சதை மொட்டு. கிள்ளி எடுத்துவிட்டார்கள். “விட்டிருந்தா புற்றா மாறியிருக்கலாம்” என்றார் அதே டாக்டரம்மா. உனக்கு நன்றி சொல்ல எனக்கு மனசில்லை. செத்து என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டது?

இப்போது பட்டுக்கடை பட்டுக்கடையாக ஏறுகிறேன். மெத்தையில் எவன் நெளிந்தாலும், “மூலம்னு யார் பார்த்துச் சொன்னது?” என்று மடக்குகிறேன். என் தலை தெரிந்தாலே, “மூலவர் வர்றாரு, நேரா உக்காருங்கபா” என்கிறார்கள். பட்டப்பெயர் உன் உபயம். ஆனாலும் மூன்று பேர் என்னைத் திட்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

வளையத்தை அலமாரி மேல் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது நீ கடைசியாக ஊதிய காற்று. நாளுக்கு நாள் கொஞ்சம் தளர்கிறது. மூடியைத் திறக்கவும் மனசில்லை, என் மூச்சை ஊதிக் கலக்கவும் மனசில்லை. இருக்கிறவரைக்கும் அங்கேயே இருந்து தொலை.