வெங்காயத்துக்குத் தண்ணீர்

மார்ச் 4

மார்க்கெட்டின் பின்பக்கம் பெண்களுக்கென்று கழிப்பறை திறந்து ஒரு வாரம் ஆகிறது. மனு எழுதியது நான். ஆபீஸ் படியேறிச் செருப்புத் தேய்ந்தது எனக்கு. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துப் போட்டோகூட எடுத்தார்கள். உள்ளே போனேனா? இல்லை. இன்றும் இல்லை.

காலையில் கடை விரித்தால் வீடு திரும்பும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டோம். இங்கே காய் விற்கும் பெண்கள் எல்லோருக்கும் இதே பழக்கம்தான். குடித்தால்தானே போகவேண்டி வரும்? பேருக்கு ஒரு குடம் தண்ணீர் கடைக்குக் கொண்டுபோய், மாலையில் அப்படியே தெருவில் கொட்டுகிறேன்.

இப்போது போக இடம் இருக்கிறது. ஆனால் கதவுக்கு நேர் எதிரே லோடுமேன்களின் பெஞ்சு. லாரி வரும்வரை ஆறேழு பேர் அதில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தன் என் கொழுந்தன். அவன் பார்க்க அந்தக் கதவைத் திறந்துகொண்டு போவதா? ஐயோ!

மார்ச் 7

எதிர்க்கடை வெங்காயக்காரியிடம் கேட்டேன், நீயாவது போனாயா என்று. "நீங்க முதல்ல போங்க. நம்ம சங்கத் தலைவி நீங்கதானே?" என்றாள். என் கடைக்கு வந்து காயை அடுக்க ஆரம்பித்தேன்.

மார்ச் 11

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பினோம்.

என் ஓரகத்திக்கு, அந்தக் கொழுந்தனின் பெண்டாட்டிக்கு, பக்கத்துக் கடை. கீரை விற்கிறாள். ஆறு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து நின்ற கரு. காலையிலிருந்தே முகம் சரியில்லை. வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிருது குளிருது என்றாள். அப்படியே கீரைக்கட்டின் மேல் சாய்ந்துவிட்டாள். தொட்டால் கொதிக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

சிறுநீரில் கிருமியாம். தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வந்ததாம். "மருந்து தரேன். ஆனா இது திரும்பத் திரும்ப வந்தா குறைமாசத்துலயே வலி எடுத்துடலாம். போறதுக்கு அங்க இடமே இல்லையா?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மார்ச் 12

கொழுந்தனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "தம்பி, நீங்கெல்லாம் அங்கயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா பொம்பளைங்க எப்படிப் போவாங்க?"

"என்ன அண்ணி நீங்க! நாங்க யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல."

"சரி. நேத்து யாராவது போனாங்களா?"

"யாரும் போகல. அந்த எலுமிச்சம்பழக்காரம்மா மட்டும் கதவு வரைக்கும் வந்தாங்க, அப்புறம் என்னமோ திரும்பிப் போயிட்டாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

பெஞ்சைத் தள்ளிப் போடச் சொல்லி அவர்களுடைய மேஸ்திரியிடமும் போனேன். "வேற எங்கம்மா நிழல் இருக்கு?" என்றார். அதுவும் நியாயம்தான். மூட்டை தூக்குகிறவன் வெயிலிலா உட்காருவான்? அவர்கள் ஒன்றும் பொல்லாதவர்கள் இல்லை. யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

மார்ச் 14

ஓரகத்தி சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறாள். வீட்டில் இரு என்றால் கடைக்குத்தான் வருவேன் என்கிறாள். சரி, வந்தால் தண்ணீர் குடி, போய்விட்டு வா என்றால் அதுவும் முடியாதாம். சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக் கத்தினேன்.

"நீங்க போனீங்களா அக்கா?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "சும்மா கையை வீசிக்கிட்டு, அதுக்குன்னே நடந்து போறதுதான் கூசுது. கையில ஒரு வாளி இருந்தா, ஏதோ வேலையாப் போற மாதிரி போயிடுவேன்."

"எடுத்துட்டுப் போயேன்டி, யார் வேணாம்னா?"

"தண்ணிக் குழாய் வாசல்ல இருக்கு. நான் வாளியைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் போனா இன்னும் நல்லாத்தான் புரியும்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? கொழுந்தன் மூலையில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 17

மார்க்கெட் சூப்பர்வைசர் வந்தார். கழிப்பறைக்கு யாரும் வருவதில்லையாம். இந்த மாசம் முழுக்க இப்படியே போனால் பூட்டி, உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கும் கோடவுன் ஆக்கிவிடுவார்களாம். "வேணும்னா இன்னொரு மனு எழுதுங்களேன். உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே!"

அவர் போகும்வரை அழவில்லை.

மார்ச் 19

இது ஒன்றுதான் குறைச்சல். வாசல் குழாய் போயிற்று!

லாரி ரிவர்ஸில் வந்தது. கொழுந்தன்தான் நின்று கை காட்டினான். "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று. நேரே போய்க் குழாயை இடித்துச் சாய்த்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அடைப்பதற்குள் அரை மார்க்கெட் நனைந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "கண்ணை எங்கடா வெச்சிருந்தே?" என்று எல்லோர் முன்னாலும் கிழி கிழி என்று கிழித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.

சரிசெய்யும்வரை காய்க்குத் தெளிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பின்பக்கம் போக வேண்டும். கழிப்பறைச் சுவரில் ஒரு குழாய் இருக்கிறது.

மார்ச் 20

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

காலையில் ஓரகத்தி வாளியோடு போனாள். வர நேரமாயிற்று. "என்னடி இவ்வளவு நேரம்?" என்றால், "குழாய்ல ஒரே கூட்டம்" என்கிறாள். எட்டிப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. வந்து உட்கார்ந்தவள் குடத்தைச் சாய்த்து ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானும் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெஞ்சில் ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார், வாளியைப் பார்த்தார், மறுபடி போனில் மூழ்கிவிட்டார். அவ்வளவுதான்! இதற்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்?

திரும்பி வரும்போது பாதி வழியில்தான் கவனித்தேன், வாளி காலி. தண்ணீர் பிடிக்கவே மறந்துவிட்டேன். மறுபடி போய்ப் பிடித்து வந்தேன்.

மார்ச் 24

"கீரைக்குத் தண்ணி கொண்டாரேன், கடையைப் பாத்துக்க." நாள் முழுக்க இதே பேச்சு. கீரையே விற்காதவர்களும் இதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இன்று வெங்காயக்காரியும் வாளியைத் தூக்கினாள். வெங்காயத்துக்கு எவளாவது தண்ணீர் தெளிப்பாளா? அழுகிப்போய்விடாதா? "எதுக்குடி உனக்குத் தண்ணி?" என்றேன். "மண்ணு ஒட்டியிருக்கு, கழுவணும்" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னாள். எலுமிச்சம்பழக்காரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மார்ச் 26

சூப்பர்வைசர் பிளம்பரோடு வந்தார், வாசல் குழாயைச் சரிசெய்ய. நான் போய்க் குறுக்கே நின்றேன்.

"வேண்டாம் சார்."

"ஏம்மா, போன வருஷம் இந்தக் குழாய்க்குத்தானே மனு கொடுத்தீங்க?"

"இப்ப வேணாம்னு மனு கொடுக்கிறேன்."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். எப்படிச் சொல்வது இவருக்கு? "பின்பக்கம் போய்த் தரை காஞ்சிருக்கான்னு பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். போனார். துப்புரவு செய்யும் அம்மா உள்ளேயிருந்து போட்ட சத்தம் இங்கேவரை கேட்டது. "யாரும் வரலையா? காலையிலேர்ந்து கழுவிக் கழுவி என் இடுப்பு ஒடியுது! இன்னொரு ஆளைப் போடுங்க முதல்ல!"

திரும்பி வந்தவர் ஈரச் செருப்பைத் தரையில் தேய்த்தார். பிறகு பிளம்பரிடம், பின்சுவரிலேயே இன்னும் இரண்டு குழாய் போடச் சொன்னார். கோடவுன் பேச்சை எடுக்கவில்லை. அப்பாடா!

ஏப்ரல் 9

பரிசோதனையில் கிருமி இல்லை. குழந்தையும் நன்றாக வளர்கிறதாம். பஸ்ஸில் ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிம்மதி வந்தால்கூட இப்படி அழுகை வருமா?

ஜூன் 16

பெண் குழந்தை! மாதம் நிறைந்து, சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து வைத்து ஒரே அழுகையாக அழுகிறது குட்டி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணி, அன்னிக்கு என் கண்ணு நல்லாத்தான் இருந்தது."

"என்னிக்கு?"

"லாரி குழாயை இடிச்ச அன்னிக்கு. கையில வாளி இருந்தா போயிடுவேன்னு இவ சொன்னாள்ல? குழாய் வாசல்ல இருக்கிற வரைக்கும் வாளிக்குப் பின்பக்கம் என்ன வேலை?"

அடப்பாவி! ஊர் பார்க்க எவ்வளவு திட்டினேன் இவனை. அத்தனையையும் வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றானே. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்க மனு எழுதியிருப்பீங்க அண்ணி."

ஜூலை 2

விடியற்காலையிலிருந்து மழை. காய்கீரை எல்லாம் தானாகவே நனைந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெளிக்கத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. ஆனால் குடம் மத்தியானத்துக்குள் காலி. நாளைக்குப் பெரிய குடம் எடுத்துப்போக வேண்டும்.

வெங்காயக்காரி எழுந்தாள். வாளியைத் தேடுவாள் என்று பார்த்தேன். சாக்கை இழுத்து வெங்காயத்தின் மேல் போட்டாள். "பாத்ரூம் போயிட்டு வரேன், கடையைப் பாத்துக்குங்க" என்று பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கையை வீசிக்கொண்டு நடந்தாள்.