அம்மா மேஜையில் அடித்த பெயர்

ஜனவரி 12, ஞாயிறு

பெங்களூரில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்யும் மாமா மகள் நிவேதா அக்கா இன்று ஸ்ரீரங்கம் வந்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள் தமிழ் எப்படி வந்தது என்று பழைய கதைகளைச் சேகரிக்கிறாளாம். கல்யாணத்துக்கு முன்பு திருவானைக்காவல் பிரஸ் ஒன்றில் அம்மா கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடித்தவள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"அந்தப் பழைய கீபோர்டு இன்னும் ஞாபகம் இருக்கா அத்தை?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அடிப்பேன்டி."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெறும் மேஜையில் விரல்களை ஓடவிட்டாள். அக்கா போனில் படம் பிடித்தாள்.

"இப்ப என்ன அடிச்சீங்க?"

"உன் பேருதான்."

இருவரும் சிரித்தார்கள். நான் பத்தாவதோடு நின்றபோது, கம்ப்யூட்டர் கிளாஸுக்காவது அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். "அதெல்லாம் உனக்கு வராது" என்று சொன்னது இதே அம்மாதான்.

காபியைக் கொண்டுபோய் அவள் விரல் ஓடிய இடத்திலேயே வைத்தேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

"நீயும் உக்காருடி" என்றாள் அக்கா. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

அம்மா இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். என் பெயரையும் அடித்தாயா என்று கேட்க வாய் வரவில்லை. அடித்திருந்தாலும் அது என் பெயர் என்று எனக்குத் தெரிந்திருக்காது.