பின்னுக்கு நெருக்கம், முன்னுக்கு வெளி

மச்சான்,

போன கிழமை காருக்குள் திடீரென்று ஓர் இனிப்பு மணம். "உங்கட சென்ற் போத்தல் உடைஞ்சுபோச்சோ?" என்றாள் மனைவி. ஒழுகியது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். பட்டப்பகலில், 401 நெடுஞ்சாலையின் நடு லேனில், எஞ்சின் செத்துக் கார் நின்றுவிட்டது. இருபுறமும் ட்ரக்குகள் இரைந்தன. இறங்கவும் வழியில்லை, இருக்கவும் பயம். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். தாலி கட்டிய நாளுக்குப் பிறகு இப்போதுதான்.

எனக்கு நீ ஞாபகம் வந்தாய்.

ஸ்காபரோ கல்யாண மண்டபம் ஒன்றில் சாப்பாட்டு வரிசை நகராமல் நின்றதே. நெடுஞ்சாலையில் விபத்தை மோப்பம் பிடிக்கும் மென்பொருள் எழுதுகிறவன் நீ. பசியிலும் தொழிலை விடமாட்டாய். "பின்னுக்கு நெருக்கம், முன்னுக்கு வெளி. நடுவில எங்கையோ அடைச்சிருக்கு" என்று தேடி வந்தாய். அடைப்பு நான்தான். கையில் கத்தரிக்காய்க் கறிக் கரண்டி, வாயில் மாப்பிள்ளை வீட்டாரின் முழு வரலாறு.

"தள்ளி நிண்டு அலட்டடா, சனம் பசியில சாகுது!" என்று அதட்டினாய்.

உன் மென்பொருளும் இதைத்தான் பார்க்கிறது என்றாய். தாருக்குக் கீழே புதைத்த கம்பிகள் வாகனங்களின் நெருக்கத்தை மட்டும் சொல்லுமாம். ஆர் எவர் என்று கேட்காதாம்.

"உதுக்கு ஒரு கொம்பியூட்டரோ? எங்கட மாமி யன்னலுக்கால பாத்தே சொல்லுவா" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "மாமி நித்திரை கொள்ளுவா மச்சான். இது கொள்ளாது."

அந்த நடு லேனில் போனைத் தேடியபடி பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். தூரத்தில் வாகனங்கள் ஒவ்வொன்றாக எங்கள் லேனை விட்டு விலகின. கல்லைச் சுற்றி ஆறு பிரிவதுபோல. பின்னால் தார் வெறுமையாகக் கிடந்தது. இங்கேயும் அடைப்பு நான்தான்.

கூப்பிடாமலே இழுவை வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் தமிழ்ப் பெடியன். "அண்ணை, அங்கால மின்பலகையில நடு லேன் அடைப்பெண்டு அப்பவே போட்டிட்டாங்கள். நீங்களோ போன் அடிச்சனீங்கள்?"

"இல்லைத் தம்பி. எனக்குப் போனே அம்பிடேல்லை."

நீ கண்ணை மூடி இரண்டு பனிக்காலம் கடந்துவிட்டது. நீ எழுதியதில் எது இன்னும் ஓடுகிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் பெயரும் கேட்காமல் ஏதோ ஒன்று எங்கள் இருவரையும் கண்டுகொண்டது. அது நித்திரை கொள்ளவில்லை.

நேற்று இன்னொரு கல்யாணம். கரண்டியை எடுத்தேன், வாயில் சூடான சங்கதி ஒன்று. பின்னால் திரும்பிப் பார்த்தேன். தள்ளி நின்றேன்.

வரிசை நகர்ந்தது, மச்சான்.