பன்னிரண்டு மீட்டர் வழி

மார்ச் 9, ஞாயிறு

மரியாதைக்குரிய மானோங் டெல்ஃபின் அண்ணனுக்கு,

நெனித்தா எழுதுகிறேன். கனடாவில் நீங்களும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுத மனம் வரவில்லை.

லுனாய் குடியிருப்பு எரிந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். போன மாதம் பதினெட்டாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரம். தீ சாலைப்பக்கமிருந்து வந்ததால் எல்லோரும் ஆற்றை நோக்கி ஓடினார்கள். குடியிருப்புக்கும் ஆற்றுக்கும் இடையில் எழும்பிய அடுக்குமாடிக் கோபுரங்களுக்கு நடுவே கரைக்குப் போக, நம் நகரமைப்பு அலுவலகத்தின் வடிவமைப்பு விதிகளில் நாம் எழுதிவைத்த பன்னிரண்டு மீட்டர் வழி அங்கே இல்லை. கண்ணாடிக் கூடமும் கடைகளும், ஓரத்தில் பூட்டிய ஒரு கதவும்தான் இருந்தன. கதவைத் திறக்கலாமா என்று காவலாளி மேலிடத்தைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு பேர் அந்தக் கதவடியிலேயே போய்விட்டார்கள். மானாங் பாசிங் அக்காவும் அவர்களில் ஒருத்தி.

மீன் சுட்டு விற்பாளே, அவள்தான். மக்கள் கூட்டத்தில் உங்கள் வரைபடத்தைப் பார்த்து, "படம் அழகாத்தான் இருக்கு ஐயா. நடக்குற ஆளுங்க எல்லாம் செக்கச்செவேல்னு இருக்காங்களே, எங்களை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டுச் சபையையே சிரிக்கவைத்தாள். மறுநாளே நீங்கள் வழியை எட்டு மீட்டரிலிருந்து பன்னிரண்டாக்கினீர்கள். அவள் மகள் குவைத்திலிருந்து வந்துசேர நாளாகும் என்பதால், உடலை அடையாளம் காட்ட நான் போனேன்.

விசாரணையில் நம் மேலதிகாரி, "விதியை யாரும் மீறலையே. வழி விடுறது விரும்பத்தக்கதுன்னுதானே போட்டிருக்கு" என்றார். உண்மைதான். "விட்டே ஆக வேண்டும்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்கள் விமானம் ஏறிய வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தைதானே நெனித்தா. கட்டடம் கட்டுற கம்பெனிக்காரன் கோவிச்சுட்டுப் போயிட்டா மேயருக்கு நீயா பதில் சொல்லுவே?" என்றார். மாற்றித் தட்டச்சு செய்தது நான்தான். இரண்டு நிமிட வேலை. அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. அதை ஒரு காரணமாகச் சொல்ல இப்போது வாய் கூசுகிறது. நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம், "எல்லாம் அப்படியே இருக்கு மானோங்" என்று சொன்னவளும் நான்தான்.

எரிந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டாகிவிட்டது. இரண்டாம் கட்டக் கட்டடங்கள் வருகின்றன. அதற்கும் விதிகள் எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எதை எழுதினாலும் பிறகு யாரோ மாற்றச் சொல்வார்கள், நானும் மாற்றுவேன் என்றே தோன்றுகிறது.

நடந்ததை விசாரணைக் குழுவில் சொல்லிப் பார்த்தேன். "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார்களே தவிர, நான் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. அலுவலகக் கோப்பில் பழைய நகல் இல்லை. நீங்கள் கையெழுத்திட்ட பிரதி உங்களிடம் இருக்கும். அதைக் குழுவுக்கு அனுப்புங்கள். அனுப்பினாலும் போனவர்கள் வரப்போவதில்லை. கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. வேலை போவது எனக்கு மட்டும்தான். தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்கள் பிள்ளைகளைக் கடவுள் காக்கட்டும். எனக்குப் பதில் எழுத மனம் வராவிட்டால் எழுத வேண்டாம். பிரதியை மட்டும் அனுப்பிவிடுங்கள், மானோங்.

இப்படிக்கு,
நெனித்தா