மந்தம் என்று நீ சொன்னது

அக்கா,

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் ஒரு பெண் என் உள்ளங்கையில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர்களை வைத்தாள். அந்தப் பசை வாசம் வந்ததும் பக்கத்து நாற்காலியில் நீ இருப்பதாகவே தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா தன் மகனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

முன்பு நாம் போன கூட்டத்தை நடத்திய அதே குழுதான். மனநோய் ஆராய்ச்சியில் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் கேட்கிறார்கள். கேள்விகளைத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். நமக்கு எது முக்கியமோ அதில் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். முதல் தடவை உன்னை அழைத்துப் போனபோது புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாய். இராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து அதே பேச்சுதான்.

"ஏட்டி, டாக்டர்மாரு நம்மகிட்ட யோசன கேக்காகளாம்."

காதில் கேட்ட குரல்கள் மாத்திரையால் அடங்கியிருந்த காலம் அது. ஆனால் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கும் உன் கை ஓடவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் உன்னைத் தின்றுகொண்டிருந்தது. உனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

மைக் உன்னிடம் வந்தது. கூச்சமில்லாமல் பேசினாய்.

"கொரலு நின்னுபோச்சு சார். ஆனா மாத்திர போட்டா ஒரே மந்தமா இருக்கு. கொரலும் கேக்கக் கூடாது, வேலையும் செய்யணும். அதுக்கு ஒரு வழி பாருங்க."

எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்தபோது தாள்களை ஒட்டியிருந்தார்கள். நீ ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய், மறுபடி முதலிலிருந்து படித்தாய். உன் கேள்வி எங்கே என்று குறிப்பெடுத்த பெண்ணிடம் கேட்டேன். மந்தம் என்றதை அவள் வயிற்று மந்தம் என்று எழுதியிருந்தாள். செரிமானக் கோளாறு மனநோயில் வராது என்று அதை ஒதுக்கிவிட்டார்களாம்.

நீ சத்தம் போடவில்லை. ஸ்டிக்கர் ஒன்றை உரித்து உன் நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டாய்.

"எங்கேள்வி இங்க இல்லையே. பொறவு எங்க ஒட்ட?"

மண்டபமே சிரித்தது. நோய்தான் பேசுகிறது என்று நினைத்துவிட்டார்கள். அன்று அங்கே புத்தி தெளிவாக இருந்தது நீ ஒருத்திதான். திருத்திக்கொள்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸிலும் நீ அந்தப் பொட்டை எடுக்கவில்லை.

அந்த வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டாய். அம்மா கெஞ்சினாள். "எனக்கு ஓடுற கை வேணும்மா" என்றாய். கொஞ்ச நாள் கை ஓடவும் செய்தது. முன்போலப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனாய். பிறகு குரல்கள் திரும்பி வந்து உன்னை வீட்டை விட்டு வெளியே கூப்பிட்டன. அடைமழையில் எங்கெங்கோ நடந்தாய். தேடிப்பிடித்துக் கொண்டுவந்தபோது காய்ச்சல் கொதித்தது. சளி நெஞ்சை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு வரவில்லை.

நேற்று சுவர் முழுக்கப் படித்தேன் அக்கா. குரல்கள் ஏன் வருகின்றன, மூளையில் என்ன மாறுகிறது, நோய் யாருக்குத் திரும்பும் என்றெல்லாம் இருந்தது. எல்லாம் தேவையானவைதான், இல்லை என்று சொல்லவில்லை. உன் கேள்வி மட்டும் நேற்றும் இல்லை. பெரிய டாக்டரிடம் போய் உன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நியாயமான கேள்விதாம்மா. அடுத்த கட்டத்துல பார்ப்போம்."

யாருக்கு அடுத்த கட்டம் என்று கேட்காமலே என் நாற்காலிக்குத் திரும்பினேன். பக்கத்து நாற்காலிப் பையன் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அந்த அம்மா ஸ்டிக்கரோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிலும் ஒட்டாமல் வந்துவிட்டேன்.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது அக்கா. அடுத்த முறை கூப்பிட்டாலும் போவேன், உன் கேள்வியைச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆனால் கேட்பார்கள் என்று நினைத்துப் போகமாட்டேன்.

ஸ்டிக்கர்கள் என்னிடமே இருக்கின்றன. உன் படத்தின் நெற்றியில் ஒன்றை வைக்கப் போனேன். அம்மா அங்கே குங்குமம் வைத்திருந்தாள்.

பொறவு எங்க ஒட்ட, அக்கா?